எம்.ஏ. வரலாறு: மதுரையிலேயே படிக்கலாமா? படித்த பிறகு வழி என்ன?

உசிலை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கிறேன். தமிழ் வழி. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அடுத்து எம்.ஏ. வரலாறு சேர வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஆனால் வீட்டில் யாருக்கும் அதில் விருப்பம் இல்லை.

அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். "பி.ஏ. முடிந்ததும் பி.எட். சேர்ந்துவிடு, கூடவே குரூப் 4க்குப் படி. எம்.ஏ. என்று இரண்டு வருடத்தை ஏன் கழிக்க வேண்டும்?" என்கிறார். மாமா எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறார். அப்பா கோபமாகப் பேசவில்லை, கவலையாகத்தான் பேசுகிறார். அதனால் எதிர்த்துப் பேசவும் மனம் வரவில்லை.

எம்.ஏ. வரலாறு படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மதுரையிலேயே படிக்கலாமா, வெளியே போக வேண்டுமா? முடித்த பிறகு சம்பளம் வரும் வழி என்னென்ன? அப்பாவிடம் சொல்வதற்கு எனக்கு விவரம் வேண்டும்.


நாகமலை ஆசிரியர் எழுதியது:

தங்கச்சி, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர். முதலில் சம்பளக் கணக்கையே பேசுவோம், அப்பா கேட்பதும் அதைத்தானே.

பி.ஏ., பி.எட். மட்டும் இருந்தால் பட்டதாரி ஆசிரியர் வேலைக்குத்தான் போக முடியும். அதற்கு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாள் தேற வேண்டும். எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம், அதற்கு டெட் தேவையில்லை. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் வேலை. சம்பள விகிதம் 36,900இல் தொடங்கி 1,16,600 வரை. பி.எட். இப்போது இரண்டு வருடம். ஆக எம்.ஏ.வும் பி.எட்.டும் சேர்த்து நான்கு வருடம் ஆகும். அதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதுகலை ஆசிரியர் தேர்வு வருடா வருடம் வருவதில்லை. 2019இல் நடந்தது. அடுத்தது 2022 பிப்ரவரியில். அதற்கடுத்து 2025 அக்டோபரில். இந்த இடைவெளிகளில் எத்தனையோ பேர் தனியார் பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். தேர்வை நம்பி வேறு எதுவும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

எம்.ஏ.வில் எங்கே சேர்ந்தாலும் பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர். பி.ஏ.வும் எம்.ஏ.வும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், அல்லது அரசாணைப்படி சமமானதாக இருக்க வேண்டும். வரலாற்றோடு வேறு ஏதாவது சேர்த்துப் புதுப் பெயரில் படிப்பு நடத்தும் இடங்கள் உண்டு. பாடத்திட்டம் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குச் சமநிலை அரசாணை இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்ப்பு வரை வந்து நின்றுவிடும். மதிப்பெண் எடுத்தும் அந்த மேசையில் திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.


செல்லூர் பாண்டி எழுதியது:

எம்.பி.ஏ. பற்றி ஒரு வார்த்தை. நல்ல இடத்தில் கிடைத்தால் படிக்கலாம். பெயர் தெரியாத கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிப் படித்துவிட்டு பைனான்ஸ் கம்பெனியில் வசூலுக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மாமாவிடம் எந்தக் கல்லூரி என்று முதலில் கேளுங்கள்.


தெப்பக்குளத்துக்காரர் எழுதியது:

அம்மா, நானும் ஒரு பெண்ணுக்கு அப்பா. இங்கே எல்லோரும் "ஆசைப்பட்டதைப் படி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உன் அப்பாவின் இடத்தில் இருந்து பார்க்க ஒருத்தராவது வேண்டும் என்று எழுதுகிறேன்.

கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளைக்கு பென்ஷன் கிடையாது. முகூர்த்த மாதத்தில் மல்லிகை விலை ஏறினால் அது விவசாயிக்கும் வியாபாரிக்கும் வருமானம், கணக்கு எழுதுகிறவருக்கு அதே சம்பளம்தான். நடுராத்திரி எழுந்து மார்க்கெட்டுக்குப் போகிற மனிதர், இன்னும் எத்தனை வருடம் இப்படிப் போக முடியும் என்று தினமும் மனதுக்குள் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கில்தான் உன் இரண்டு வருடமும் வருகிறது. உன் படிப்பைக் குறைவாக நினைத்து அவர் அப்படிப் பேசவில்லை.

அதனால் நீ அவரிடம் பேசும்போது, எம்.ஏ. ஏன் உயர்ந்தது என்று பேசாதே. மாதம் எவ்வளவு செலவாகும், அதில் எவ்வளவு உதவித்தொகையாக வரும், எந்த வருடத்துக்குள் வேலை கிடைக்கவில்லையென்றால் நீ என்ன செய்வாய், இதை ஒரு தாளில் எழுதிக் கொடு. கணக்கு எழுதுகிற மனிதருக்குத் தாளில் எழுதியது புரியும்.


கல்லெழுத்து எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதும் ஐயா சொன்னதும் முழுக்க உண்மை. நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும். கல்வெட்டுத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எம்.ஏ. வரலாறு மதுரையில்தான் படித்தேன்.

எம்.ஏ. என்ற இரண்டெழுத்துக்கு இன்று தனியாக மதிப்பு கிடையாது. இதை யார் மறுத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வகுப்புக்குப் போய், தேர்வுக்கு முந்தைய வாரம் நோட்ஸ் படித்து, முதல் வகுப்பில் தேறி வெளியே வந்தால் கையில் ஒரு தாள்தான் இருக்கும். ஆனால் அதே இரண்டு வருடத்தில் பத்துப் பேருக்குத் தெரியாத ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தால் கதை வேறு. பழைய எழுத்தைப் படிப்பது, கல்வெட்டைத் தாளில் மையொற்றி நகல் எடுப்பது, ஆவணக் காப்பகத்தில் வேண்டிய கோப்பைத் தேடிப் பிடிப்பது, கிழவர்களிடம் முறையாகப் பேசிப் பதிவு செய்வது, எல்லாமே வேலைதான். எம்.ஏ. என்பது இதையெல்லாம் கற்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். இளங்கலையில் அந்த நேரம் இல்லை, வேலைக்குப் போன பிறகும் கிடைக்காது.

இப்போது மதுரை. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸும் ரயிலும் ஏறி வந்து பார்க்கும் இடங்கள் நமக்கு டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன. காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியிலேயே கீழக்குயில்குடி சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே, பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தில் பெயர்கள் இருக்கின்றன, செய்வித்தவர் யார், அவர் எந்த ஊர் என்று. வட்டெழுத்து கற்க ஆரம்பித்தவர் போய் உட்கார்ந்து எழுத்துக்கூட்ட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரை. அங்குள்ள கல்வெட்டு கி.பி. 770ஐச் சேர்ந்தது. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கோயிலைக் குடைவித்தார். வேலை முடியும் முன் இறந்துபோனார். அவர் தம்பி மாறன் எயினன் அந்தப் பதவிக்கு வந்து, முகமண்டபம் செய்து முடித்தார். இந்தச் செய்தி வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் வடமொழியாகவும் வட்டெழுத்தில் தமிழாகவும் இருக்கிறது. அண்ணன் விட்டுப்போன வேலையைத் தம்பி முடித்ததைக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முதன்முதலாக அதை நானாகப் படித்து முடித்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

மேலூர்ப் பக்கம் மாங்குளம். அங்குள்ள தமிழி எழுத்துகளை, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்தை, ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் 1882இல் கண்டார். அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருப்பது தெளிவாவதற்குக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் காலம் வரை ஆனது. ஒரு சில வரிகளைப் படிக்க ஏறக்குறைய எண்பது வருடம். இந்தத் துறையில் பொறுமை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அப்புறம் கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர்தான், மாவட்டம்தான் சிவகங்கை. 2014–15 பருவத்தில் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கியது, பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்து தோண்டுகிறது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். பானை ஓட்டில் கீறிய பெயர்களை அங்கே கண்ணாடிக்கு அருகில் நின்று பார்க்கலாம்.

வேலை வாய்ப்பைச் சொல்ல வேண்டுமென்றால், மாநிலத் தொல்லியல் துறை தொல்லியலிலும் கல்வெட்டியலிலும் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. எம்.ஏ. முடித்தவர்கள்தான் சேர முடியும், மாத உதவித்தொகை உண்டு. மத்தியத் தொல்லியல் துறையும் கிரேட்டர் நொய்டாவில் அதே போல ஒன்று நடத்துகிறது. தொல்லியல் அலுவலர், கல்வெட்டாய்வாளர், அருங்காட்சியகக் காப்பாட்சியர் பதவிகளுக்கு ஆள் எடுக்கும்போது இந்தத் தகுதிகள் கைகொடுக்கும். இடங்கள் குறைவு, அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் உண்மையில் எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு.

உங்கள் அப்பாவுக்குச் சொல்ல இன்னொரு கணக்கு. கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி தரும் நெட் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. எம்.ஏ. கடைசி வருடத்திலேயே எழுதலாம். முதல் தாள் 100 மதிப்பெண், பாடத்தாள் 200, மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. வரலாறு படித்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் இந்த வழியில்தான் அனுப்புகிறார்கள்.


திருநகர் எழுதியது:

கல்லெழுத்து அண்ணன் பதிவைச் சேமித்து வைத்துக்கொண்டேன்.

வெளியே போவது பற்றி நான் சொல்கிறேன். மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம் திறக்கும், மார்ச்சில் தேர்வு. 75 கேள்வி, சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். நம் ஊரில் கடைசி வருட மாணவர்களுக்கு இது தெரிய வருவதே ஏப்ரலில்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். புதுச்சேரி, திருவாரூர், ஹைதராபாத், டெல்லி எல்லாவற்றுக்கும் இதே மதிப்பெண்தான், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கே போனதில் எனக்குக் கிடைத்தது பாடத்தைவிடப் பழக்கம். வாரம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போய் வகுப்பில் படிக்க வேண்டும். மற்றவர்கள் அதை வரிவரியாகக் கேள்வி கேட்பார்கள். அசாமிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்களோடு உட்கார்ந்து பேசும்போது நம் ஊர் வரலாற்றையே வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். ஆனால் முதல் பருவம் ஆங்கிலத்தில் ரொம்பத் திணறல். தமிழ் வழியில் படித்தவர்கள் யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்க முடியாததும் இல்லை. இரண்டாம் பருவத்தில் சரியாகிவிட்டது.


உசிலை மாணவி எழுதியது:

இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எல்லோருக்கும் நன்றி. தெப்பக்குளத்து ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தாளில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. எம்.ஏ.வை ஆங்கில வழியில் படித்தால் தமிழ் வழி இட ஒதுக்கீடு போய்விடும் என்கிறார்கள். தமிழ் வழியில் படித்தால் நெட் எழுத முடியாது என்கிறார்கள். எது சரி?


நாகமலை ஆசிரியர் எழுதியது:

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு 2010 சட்டப்படி வந்தது. 2020இல் திருத்தம் செய்து, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். எந்தப் பதவிக்கு எந்தத் தகுதி கேட்கிறார்களோ அதுவரை தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். குரூப் 2 போன்ற பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் வேலைகளுக்கு உன் பி.ஏ. வரை தமிழ் வழியாக இருந்தால் போதும், எம்.ஏ. எந்த வழியில் படித்தாலும் ஒதுக்கீடு போகாது. முதுகலை ஆசிரியர் பதவிக்குத்தான் எம்.ஏ.வும் பி.எட்.டும் கூடத் தமிழ் வழியாக இருக்க வேண்டும்.

ஆசிரியர் வேலைதான் உன் குறி என்றால், தமிழ் வழியை விடாதே. ஐந்தில் ஒரு இடம் என்பது சின்ன விஷயம் இல்லை.


கல்லெழுத்து எழுதியது:

அண்ணன் சொன்ன சட்டக் கணக்கு சரி. ஆனால் முடிவில் எனக்கு ஒப்புதல் இல்லை. நெட் கேள்வித்தாள், மொழிப்பாடங்கள் தவிர, ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தென்னிந்திய வரலாற்றைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒதுக்கீட்டுக்காக ஆங்கில வாசிப்பையே தள்ளிவைத்தால் ஒரு கதவைத் திறந்து வைக்க நான்கு கதவை மூடியது போல ஆகும்.


நாகமலை ஆசிரியர் எழுதியது:

ஆங்கிலம் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. தேர்வைத் தமிழில் எழுதட்டும், புத்தகத்தை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்கிறேன். நீங்கள் உதவித்தொகை வாங்கி ஆய்வு செய்கிறீர்கள். உசிலம்பட்டிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்த, அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி வருவது எனக்கு அதைவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை.


கல்லெழுத்து எழுதியது:

எனக்கும் குறைவாகத் தெரியவில்லை அண்ணா. தேர்வு தமிழில், வாசிப்பு இரண்டிலும் என்றால் நானும் சரி என்பேன். தங்கைக்கு ஒரு வழி: தினமும் ஆங்கில ஆய்வுக் கட்டுரையில் ஒரு பத்தியை எடுத்துத் தமிழில் எழுதிப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் வேண்டாம், அவர் என்ன வாதம் வைக்கிறார் என்று மட்டும். ஒரு பருவம் செய்தால் வித்தியாசம் தெரியும்.


அனுப்பானடி எழுதியது:

நான் எம்.ஏ. ஆங்கிலம். இப்போது மொழிபெயர்ப்பும் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்தமும் செய்கிறேன். வருமானம் ஒரே சீராக வராது, ஆனால் வேலை இல்லாமல் இருந்ததில்லை. இரண்டு மொழியிலும் பிழையில்லாமல், தெளிவாக எழுதக்கூடியவர்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். வரலாறோ சமூகவியலோ படித்தவருக்கு இந்தத் திறமையும் இருந்தால் எங்களைவிட நல்லது, ஏனென்றால் பொருள் தெரிந்து மொழிபெயர்ப்பார். கல்லெழுத்து சொன்ன பத்திப் பயிற்சியை நானும் வழிமொழிகிறேன்.

அப்புறம் கல்லூரி ஆசிரியர் வேலை பற்றி யாரும் சொல்லவில்லை. எம்.ஏ.வில் 55 சதவீதமும் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியும் வேண்டும், பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் 50 போதும். ஆனால் நிரந்தர இடம் வரும்வரை பலர் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேல் அப்படியே இருப்பவர்களை எனக்குத் தெரியும். நன்றாகப் பாடம் நடத்துகிறவர்கள். இதை நினைத்தால் மனது வலிக்கிறது. தங்கை இதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும்.


ஒத்தக்கடை எழுதியது:

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கவும் வழி உண்டு. நான் வங்கியில் வேலை. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன், மதுரையிலேயே மண்டல மையம் இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடம் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம். பாடப்புத்தகங்கள் நன்றாக எழுதப்பட்டவை, நேரடியாகப் படிப்பவர்களே வாங்கிப் படிக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. அங்கீகரித்த தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம்தான். ஆனால் எந்த நிறுவனமாக இருந்தாலும், நாம் சேரும் வருடத்துக்கு, நாம் சேரும் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யூ.ஜி.சி. இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். இடையில் இருக்கும் முகவர் சொல்வதை நம்பக் கூடாது.

நேரடியாகப் போக முடிந்தவர்களுக்கு அதுதான் நல்லது என்பேன். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்பதும், ஆசிரியரோடு மலை ஏறுவதும் எனக்குக் கிடைக்கவில்லை.


தெப்பக்குளத்துக்காரர் எழுதியது:

புத்தகச் செலவைப் பற்றியும் எழுதுகிறேன், அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளட்டும். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிட்டது. என் பெண் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். குளிர்சாதன வசதி, நல்ல மேசை, பெண்பிள்ளைகள் பயமில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம். காந்தி மியூசியத்திலும் நூலகம் இருக்கிறது, அங்கே அமைதி அதிகம். பழந்தமிழ் நூல் வேண்டுமென்றால் செந்தமிழ்க் கல்லூரிப் பக்கம் போக வேண்டும். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கிய இடம்.


அனுப்பானடி எழுதியது:

காமராசர் பல்கலைக்கழக நூலகத்தை விட்டுவிட்டீர்களே ஐயா. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் பெயரில் இருக்கிறது. 1966இல் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்திலிருந்து சேர்ந்த பழைய ஆய்விதழ்கள் வேறு எங்கும் கிடைக்காது.


உசிலை மாணவி எழுதியது:

நேற்று ராத்திரி அப்பாவிடம் தாளைக் கொடுத்தேன். அரசு உதவி பெறும் பிரிவில் சேர்ந்தால் கட்டணம், பஸ் பாஸ், விடுதி, உதவித்தொகைக்கு வருமான வரம்பு, நெட் தேதி, டி.ஆர்.பி. நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வு எல்லாம் எழுதியிருந்தேன். எம்.ஏ. முடித்த இரண்டு வருடத்துக்குள் எதுவும் அமையவில்லையென்றால் குரூப் 2, குரூப் 4 எது வந்தாலும் போய்விடுவேன் என்றும் எழுதினேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "சுயநிதிப் பிரிவுக்கு எவ்வளவு என்று எழுதவில்லையே" என்று மட்டும் கேட்டார். இன்றைக்குக் கல்லூரியில் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. எம்.ஏ.வில் ஆய்வேடு எழுத வேண்டுமாமே. எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பெருங்காமநல்லூர் பக்கம்தான். 1920 ஏப்ரல் 3இல் கைரேகைச் சட்டத்தை, அதாவது சில சாதியாரைப் பிறப்பிலேயே குற்றவாளி என்று பதிந்து கைரேகை வாங்கிய வெள்ளைக்காரர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை, எதிர்த்தவர்களைப் போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள், அதில் மாயக்காள் என்று ஒரு பெண். வருடா வருடம் நினைவு நாளில் ஊரே கூடும். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் பெண்கள் தினசரி எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இதை ஆய்வாகச் செய்ய முடியுமா, அல்லது இது பெரிய ஆட்கள் செய்ய வேண்டிய வேலையா?


கல்லெழுத்து எழுதியது:

தங்கச்சி, நீங்கள் முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கவே மாட்டேன். கண்டிப்பாக எம்.ஏ. சேருங்கள்.

இது உங்களால் முடிந்த வேலை. நீங்கள் போய்க் கேட்டால் பாட்டிகள் பேசுவார்கள், நான் போனால் அந்த அளவுக்குப் பேச மாட்டார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ரத்தானது. அப்போது விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள், தாண்டியும் இருக்கிறார்கள். அதனால் இதை முனைவர் பட்டத்துக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். சேருவதற்கு முன்பே, இந்த விடுமுறையிலேயே ஆரம்பியுங்கள். அவர்கள் சம்மதத்தைக் கேட்டு, பெயர், வயது, ஊர், தேதி, யார் உடன் இருந்தார்கள் எல்லாம் குறித்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். நடுவில் மறித்துப் பேசாதீர்கள். அவர்கள் தாங்களே பார்த்ததையும் அம்மா, பாட்டி சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள். பிறகு பிரிக்க முடியாது.

மறுபக்கம் அரசு ஆவணம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால அரசாணைகள் இருக்கின்றன. உங்கள் துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கள்ளர் சமூகத்துக்காக அரசு கொண்டுவந்த கள்ளர் சீரமைப்புத் திட்டம் தொடங்கியதும் 1920இல்தான். அதன் பள்ளிகள் இன்றும் உங்கள் பக்கம் நடக்கின்றன. பழைய சேர்க்கைப் பதிவேடு எங்காவது மிஞ்சியிருந்தால், பெண்பிள்ளைகள் எந்த வருடத்திலிருந்து படிக்க வந்தார்கள் என்பதே ஒரு அத்தியாயம் ஆகும்.


நாகமலை ஆசிரியர் எழுதியது:

தம்பி சொன்னதோடு ஒன்று. சொந்த ஊர், சொந்த மக்கள் என்பது பலம், அதே நேரம் கவனமும் வேண்டும். காவல்துறைக் குறிப்பு என்ன சொல்கிறது, ஊர் என்ன சொல்கிறது, இரண்டும் எங்கே முரண்படுகிறது என்று அப்படியே எழுத வேண்டும். ஊருக்குப் பிடித்ததை மட்டும் எழுதினால் அது நினைவு மலர். ஆய்வு என்று சொல்ல முடியாது. இதைப் புரிந்த நெறியாளரைத் தேடு. எந்தக் கல்லூரி என்பதைவிட யார் நெறியாளர் என்பதுதான் இந்தத் தலைப்புக்கு முக்கியம். மதுரையில் வரலாற்றுத் துறை இருக்கும் கல்லூரிகளுக்கு நேரில் போய், வாய்மொழி வரலாற்றிலோ காலனியக் கால வரலாற்றிலோ வேலை செய்தவர் யார் என்று கேட்டுவிட்டு விண்ணப்பம் போடு.


திருநகர் எழுதியது:

க்யூட் பி.ஜி.யும் எழுதிவையுங்கள். கிடைத்த பிறகு போவதா வேண்டாமா என்று யோசிக்கலாம். ஆனால் இந்தத் தலைப்புக்கு மதுரையில் இருப்பதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. ஹைதராபாத்திலிருந்து வார இறுதியில் வந்து பாட்டிகளிடம் பேச முடியாது.


உசிலை மாணவி எழுதியது:

சரி அண்ணா, எழுதிவைக்கிறேன். எங்கள் அப்பத்தாவுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார், தொண்ணூறுக்கு மேல். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் முதலில் பேசுகிறேன். போனில் பதிவு செய்தால் போதுமா, அதற்கென்று தனிக் கருவி வேண்டுமா?


கல்லெழுத்து எழுதியது:

போன் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை அவருக்குப் பக்கத்தில் துணிமேல் வையுங்கள். முடிந்ததும் அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். எழுத்தில் இறக்கும்போது அவர் பேசிய மாதிரியே இறக்குங்கள், நம் வாக்கியமாகத் திருத்த வேண்டாம்.


தெப்பக்குளத்துக்காரர் எழுதியது:

சுயநிதிப் பிரிவுக் கட்டணத்தையும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொடம்மா. அப்பா காத்திருப்பார்.